அலைக்குள் நின்ற ஊர்

சேந்தன்பட்டினத்துக்கு நேர் கிழக்கே, கடலும் வானமும் ஒட்டுகிற இடத்தில் ஓர் அலை எழும்பி விழாமல் நின்றுகொண்டிருந்த அந்த வருஷத்தில்தான், ஊர்க்காரர்கள் மாதா கோவிலுக்குப் பச்சை அடிப்பதா நீலம் அடிப்பதா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள், ஐஸ் கம்பெனிக்குப் புது மோட்டார் இறக்கினார்கள், ஓட்டு வீடுகளை இடித்துவிட்டு மாடி எழுப்பினார்கள். அலைக்குப் பயந்து ஓடிவந்த மீனெல்லாம் வேறெங்கும் போகாமல் அவர்கள் வலையில்தான் வந்து விழுந்தது.

முதலில் அதை அலை என்று யாரும் சொல்லவில்லை. தூரத்தில் ஒரு கறுப்புக் கோடு, அவ்வளவுதான். படகுகள் கிழக்கே ஓடி, கரை மறைந்து, கோவில் கோபுரத்துச் சிலுவையும் மறைந்த பிறகு அந்தக் கோடு கண்ணில் படும். நெருங்கிப் போய்ப் பார்த்துவிடலாம் என்று எஞ்சினை முடுக்கினால், நீரோட்டம் படகைத் திருப்பி ஊர்ப்பக்கமாகத் தள்ளிவிடும். படகில் கிடந்த பழைய பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைத்தால், படகு ஆடுகிற ஆட்டத்தில் கோடும் மேலும் கீழுமாகக் குதிக்கும். ஒருத்தர் மேகம் என்றார். ஒருத்தர் வரிசை கட்டி நிற்கிற கப்பல்கள் என்றார். இன்னொருத்தர் அது புதிதாக முளைத்த தீவு என்றும், முதலில் பார்த்தவர் தாமே என்பதால் அதற்குத் தம்முடைய தகப்பனார் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்றும் வாதாடினார். அதிகாரிகள் வந்தார்கள், வானத்திலிருந்து எடுத்த படத்தில் அப்படி எதுவும் இல்லை என்று காட்டினார்கள், சீலா மீன் வறுவலோடு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மீனவர் சங்கத்துக் கட்டடத்தில் வயர்லெஸ் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, கடலில் இருக்கிற எல்லாப் படகுகளோடும் பேசுகிற வேலை பெனடிக்டாவுடையது. எந்தப் படகு எங்கே நிற்கிறது, யாருக்கு வலை அறுந்தது, யார் எஞ்சின் மக்கர் பண்ணுகிறது என்பதெல்லாம் அவள் காதுக்குத்தான் முதலில் வரும். அதனால் அந்தக் கோடு நகர்கிறது என்பதும் அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது. ஒருநாள் சாயங்காலம் அவள் சங்கத் தலைவர் ரோச் மச்சாதுவிடம் போய்ச் சொன்னாள்:

"அண்ணே, சிலுவை மறைஞ்ச பொறவுதான் கோடு தெரியும்னு முன்னால சொல்லிக்கிட்டு இருந்தாங்க. இப்ப சிலுவையும் தெரியுது, கோடும் தெரியுதுங்காங்க. அது வருது அண்ணே."

ரோச் நல்ல மனுஷன். மனைவி இறந்த பிறகு மகள் எமரென்சியாவை ஒற்றை ஆளாக வளர்த்தவர். ஊரில் யாருடைய படகு திரும்பி வரத் தாமதமானாலும் கரையில் வந்து நிற்பவர். அவர் பெனடிக்டா சொன்னதைச் சிரித்துத் தள்ளவில்லை.

"என்னன்னு தெரியாம ஊரைப் பயமுறுத்தக் கூடாது தங்கச்சி. முதல்ல அதை ஆடாம அசையாம பாக்கணும். நீயும் கஸ்பாரும் டவுனுக்குப் போய் நல்ல பைனாகுலர் ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

கஸ்பார் பெனடிக்டாவின் கணவன், சொந்தமாக ஒரு சின்னப் படகு ஓட்டுகிறவன். இரண்டு பேரும் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல்காரர்களுக்குச் சாமான் விற்கிற ஜமால் முகைதீன் கடைக்குப் போனார்கள். கஸ்பார் நேராகப் போய் இருப்பதிலேயே பெரியதைக் கையில் எடுத்தான்.

"பெருசா இருந்தா நல்லாத் தெரியும்லா?"

"பெருசாக் காட்டும் தம்பி. உங்க ஆட்டத்தையும் அதே அளவுக்குப் பெருசாக் காட்டும்," என்றார் ஜமால்.

"ஸ்டாண்டு போட்டுக்கிட்டா?"

"ஸ்டாண்டை எதுல வைப்பீங்க? படகுலதானே?"

பிறகு அவர் கண்ணாடி அலமாரியைத் திறந்து, உள்ளே ஸ்டெபிலைசர் வைத்த பைனாகுலர்கள் இரண்டை எடுத்து மேஜையில் வைத்தார். பட்டனை அழுத்தினால் உள்ளே இருக்கிற லென்ஸ் ஆட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக அசைந்து கொடுக்கும், அதனால் படம் நிற்கும் என்றார். அப்புறம் கேட்டார்: "உங்களுக்குக் கை ஆட்டமா, படகு ஆட்டமா? அதைச் சொல்லுங்க முதல்ல. இது லேசு, கழுத்துல மாட்டுனது தெரியாது, ஆனா கை நடுக்கத்தைத்தான் பிடிச்சு நிறுத்தும். அது கனம், பேட்டரியும் நிறையத் தின்னும், ஆனா படகே ஆடுனாலும் நிறுத்தும். தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது."

கடைக்குப் பின்பக்கம், துறைமுகத்தைப் பார்த்த பால்கனியில், இரும்புக் குழாய் ஒன்றின் மேல் பலகை போட்டு வைத்திருந்தார். பெனடிக்டா அதன் மேல் ஏறி நிற்க, கஸ்பார் காலால் பலகையை ஆட்டினான். லேசான பைனாகுலரில் கிரேன்கள் நடுங்காமல் தெரிந்தன, ஆனால் பலகை சாயும்போதெல்லாம் வழுக்கிக்கொண்டு போயின. கனமானதைக் கண்ணில் வைத்துப் பட்டனை அழுத்தினாள். எல்லாம் நின்றது. தூரத்துக் கிரேனின் கம்பியில் ஒரு காக்கை உட்கார்ந்து வாயைத் திறந்து மூடுவது தெரிந்தது. உடம்பு ஆடிக்கொண்டிருக்க, கண்ணுக்கு முன்னால் ஒன்றுமே ஆடாமல் நின்றது. அவள் பலகையிலிருந்து இறங்கினாள்.

"இதுதான்," என்றாள்.

"எதைப் பாக்கப் போறீங்க?" என்று கேட்டார் ஜமால்.

"ஒரு கோட்டை."

அவர் லென்ஸைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே சொன்னார்: "இதுல ஒண்ணை மட்டும் யோசிச்சுக்குங்கம்மா. சாதாரணதுல பாத்தா, ஆட்டத்துல தப்பாத் தெரிஞ்சிருக்கும்னு மனசைத் தேத்திக்கலாம். இதுல பாத்துட்டு அப்படிச் சொல்லிக்க முடியாது."

கஸ்பாரின் படகில் பெனடிக்டாவும் ரோச்சும் ஏறிப் போனார்கள். கோடு தெரிந்த இடத்தில் எஞ்சினை அணைத்தார்கள். படகு தொட்டில் மாதிரி ஆடியது. பெனடிக்டா பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைத்துப் பட்டனை அழுத்தினாள், கோடு நின்றது, நின்றதும் அது கோடு இல்லை, பாசிப் பச்சை நிறத்தில் வானம் வரைக்கும் எழும்பி நிற்கிற தண்ணீர் என்பதும், அதன் உச்சியில் நுரை விழப்போகிற மாதிரி வளைந்து விழாமல் இருக்கிறது என்பதும், அதற்கு உள்ளே, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மாதிரி, ஓர் ஓடுகூடக் கலையாமல் ஓர் ஊர் நிற்கிறது என்பதும் தெரிந்தது. கோவில் இருந்தது, நீல நிறத்தில். ஐஸ் கம்பெனி இருந்தது. ஏலக்கூடம், ரேஷன் கடை, சங்கத்துக் கட்டடம், அவர்கள் தெரு, அவர்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் கொடிக்கயிற்றில் ஏதோ ஒரு சேலை தொங்கியது.

அவள் பைனாகுலரை ரோச்சிடம் கொடுத்தாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"எங்க வீடும் இருக்கு. மேல மாடி இருக்கு. நான் இன்னும் மாடி எடுக்கவே இல்லையே," என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. பிறகு, "ஆளைக் காணோமே," என்றார். "ஒரு ஆள், ஒரு பிள்ளை, ஒருத்தரையும் காணோமே."

கரைக்கு வந்ததும் ரோச் ஒளிக்காமல் எல்லாவற்றையும் கோவில் முற்றத்தில் வைத்துச் சொன்னார். ஊர் இரண்டு நாள் அழுதது. அப்புறம், வீட்டுக்கு ஒருத்தராகப் படகில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஏற்பாடானது. போனார்கள், பட்டனை அழுத்திப் பார்த்தார்கள், திரும்பி வந்தார்கள், வரும்போது வலை நிறைய மீனோடு வந்தார்கள். அலையில் கோவில் நீலமாக இருந்ததால் பச்சைக் கட்சி தோற்றுப்போய், நீலம் அடித்தார்கள். யார் வீட்டுக்கு அலையில் மாடி தெரிந்ததோ அவர்கள் கொத்தனாரைக் கூப்பிட்டார்கள். ரோச்சும் மாடி எடுத்தார். அலையில் தங்கள் வீட்டைக் காணாத ஒரு குடும்பம், நமக்கு ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று நேர்ச்சை வைத்து மொட்டை போட்டது. பெண் கேட்டு வந்தவர்கள், மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் அலைக்குள் கல்யாணப் பந்தல்கால் நட்ட குழி தெரிகிறதா என்று பைனாகுலரில் பார்த்துவிட்டுத்தான் வெற்றிலை மாற்றினார்கள். எல்லோரும் ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்: உள்ளே ஆள் இல்லை. ஆள் இல்லையென்றால் ஆளுக்கு ஒன்றும் ஆகாது. பங்குச் சாமியாரும் பிரசங்கத்தில் அதையே சொன்னார்.

பெனடிக்டா மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவள் ரோச்சிடம் கேட்டாள்:

"ஆள் இல்லைன்னா, நாம போயிட்டோம்னுதானே அண்ணே அர்த்தம்? போனாத்தானே இல்லாம இருப்போம்?"

"இல்ல தங்கச்சி. தண்ணி வரும், போகும், நமக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அர்த்தம். சுனாமியில என்ன ஆச்சு நம்ம ஊருக்கு? முழங்கால் வரைக்கும் வந்துட்டுப் போயிருச்சு."

"அது வேற, இது வேற."

"இவ்வளவு மீனை விட்டுட்டு ஊரை எங்க போகச் சொல்லுத? நான் சொன்னாலும் எவன் கேப்பான்?"

அது உண்மைதான். அந்தக் கடற்கரையில் அப்படியொரு மீன்பாடு யாரும் கண்டதில்லை. ஆனால் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்க ஆரம்பித்திருந்தது. காக்கைகள் ஊரை விட்டுப் போய், மேற்கே செம்மணல் மேடான தேரியில் பனைமரங்களில் கூடு கட்டின. நாய்கள் மேற்குப் பக்கமாகத் தலை வைத்துத்தான் படுத்தன. விடியற்காலையில் கரையில் நின்று பார்த்தாலே கிழக்கே கறுப்பாகக் கோடு தெரிந்தது. தெரிந்ததைப் பார்த்துவிட்டு, சரி, என்று ஆண்கள் வலையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஒருநாள் காலையில் பெனடிக்டா கஸ்பாரோடு தனியாகக் கடலுக்குப் போனாள். இப்போது வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. அவள் பைனாகுலரில் பார்த்தாள். தெருத் தெருவாகப் பார்த்தாள். ஆள் இல்லை. தன் வீட்டுப் பின்பக்கம் வந்தாள், கொடியில் கிடந்த சேலையைப் பார்த்தாள், கையைத் தளரவிட்டாள்.

"என்னத்தப் பாத்த?" என்றான் கஸ்பார்.

"கொடியில கிடக்கது இந்தச் சேலைதாங்க." அவள் தான் கட்டியிருந்த மஞ்சள் சேலையின் முந்தியைக் காட்டினாள். "போன வாரம் எடுத்த புதுச்சேலை. இன்னைக்குத்தான் முதல்முதலாக் கட்டியிருக்கேன். நாளைக்குத் துவைச்சுக் காயப்போடுவேன். காயப்போட்டதை எடுக்காமலே போயிருக்கேன்."

கஸ்பார் எஞ்சின் மேல் உட்கார்ந்தான்.

"நான் ஊர்ல போய்ப் பொய் சொல்லப் போறேங்க. உள்ள ஆள் இருக்குன்னு சொல்லப் போறேன். பேர் பேராச் சொல்லப் போறேன்."

"எவனாவது போய் இதுல பாத்தா தெரிஞ்சுருமே."

அவள் பைனாகுலரைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். பிறகு அவன் எழுந்து வந்து, அவள் கழுத்திலிருந்து வாரைக் கழற்றி, கனமான அந்தச் சாமானைக் குழந்தையைத் தண்ணீரில் இறக்குகிற மாதிரி இரண்டு கையாலும் கடலுக்குள் விட்டான். அது ஒரு தடவைகூட மேலே வரவில்லை.

அன்று சாயங்காலம் கோவில் முற்றத்தில் ஊர் கூடியது. பைனாகுலர் கைதவறிக் கடலில் விழுந்துவிட்டது என்று கஸ்பார் சொன்னான். ஏன் விழுந்தது என்று பெனடிக்டா சொன்னாள். "கை நடுங்கிப்போச்சு. உள்ள ஆளுங்களைப் பாத்தேன்."

அவள் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தாள். முதல் பெயரைச் சொல்லும்போது நாக்கு புரளவில்லை. அப்புறம் புரண்டது, நிற்கவில்லை. ஏலக்கூடத்தில் கூறு போடுகிற மிக்கேலம்மா, அவள் இரட்டைப் பிள்ளைகள், தெற்குத் தெருவில் புதிதாகக் கல்யாணமான ஜோடி, வலை பின்னுகிற மனுவேல், ஐஸ் கம்பெனி மோட்டார்க்காரர், கோவிலில் பாடுகிற பெண்கள், ரோச்சின் மகள் எமரென்சியா. எப்படிப் பார்த்தாள் என்பதையும் சொன்னாள், முடி தண்ணீரில் மேலே எழும்பி நின்றது என்றாள், கண் திறந்திருந்தது என்றாள். பெண்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு அவளை ஏசினார்கள். ஒருத்தி மண்ணை வாரி அவள் மேல் எறிந்தாள்.

"இவ ஆரம்பத்துல இருந்தே போகணும் போகணும்னு சொன்னவ. எவன் கேட்டாலும் அவன் பேரையும் சொல்லுவா," என்று ஒருத்தன் கத்தினான்.

கூட்டம் அந்தப் பக்கமாகச் சாய்வதை அவள் கண்டாள். அப்போது ரோச் முன்னால் வந்தார். அவர் முகம் மகளின் பெயரைக் கேட்டதிலிருந்து வெளுத்துப்போயிருந்தது.

"தங்கச்சி, நான் இருக்கேனா?"

ஊர் முழுக்க அவள் வாயைப் பார்த்தது. இவருக்கும் ஆமாம் என்று சொன்னால் கேட்கிறவருக்கெல்லாம் ஆமாம் சொல்கிறாள் என்றுதான் நினைப்பார்கள் என்று அவளுக்குப் பட்டது. மகள் பெயரைச் சொல்லியாயிற்று, மகள் போனால் இவரும் போவார் என்று தோன்றியது. யோசிக்க அவ்வளவுதான் நேரம் இருந்தது.

"இல்ல அண்ணே. உங்களைப் பாக்கல."

முற்றத்தில் சத்தம் அடங்கியது. தலைவரை விட்டுவிட்டுச் சொல்கிறாள் என்றால் பார்த்ததைத்தான் சொல்கிறாள் என்று எல்லாரும் நம்பியது அந்த இடத்தில்தான்.

மறுநாள் காலையிலிருந்து ஊர் கிளம்பியது. பெனடிக்டாவும் பழக்கத்தில் மஞ்சள் சேலையைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் என்ன செய்தோம் என்று உணர்ந்து, அதை அப்படியே விட்டுவிட்டு, வயர்லெஸ் பெட்டியையும் பேட்டரியையும் தூக்கிக்கொண்டு நடந்தாள். டிராக்டரிலும் வேனிலும் கால்நடையாகவும் எல்லாரும் தேரிக்குப் போய்ப் பனைமரங்களுக்கு அடியில் தார்ப்பாய் கட்டினார்கள். ரோச் மகளைக் கொண்டுவந்து விட்டார், தண்ணீர் லாரிக்கு ஏற்பாடு செய்தார், பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பினார்.

"எங்கப்பா போறீங்க?" என்றாள் எமரென்சியா.

"ஊரை யாராவது பாக்க வேண்டாமா? எனக்கு ஒண்ணும் இல்லைன்னு அவளே சொல்லிட்டா."

பெனடிக்டா அவர் கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். அவர் மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

தேரியில் நாள்கள் போயின. அலை வரவில்லை. செம்மணல் சோற்றில் விழுந்தது, பிள்ளைகளுக்குக் கண்ணில் விழுந்தது. சங்கத்துக் கட்டடத்தில் இருந்த, காதோடு வைத்துப் பேசுகிற இன்னொரு வயர்லெஸ்ஸில் ரோச் தினமும் பேசினார்: கரையில் நின்று வீச்சுவலை போட்டாலே மீன் அள்ளுகிறது, தான் ஒற்றை ஆளாகச் சமைத்துத் தின்று தொப்பை போட்டுவிட்டது என்றார். கேட்டுக்கொண்டிருந்த ஆண்கள் பெனடிக்டாவை முறைத்தார்கள். அவளுக்கும் கஸ்பாருக்கும் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்றுகூட ஒரு பேச்சு எழுந்தது. ஒருநாள் முற்பகலில் சிலர் தார்ப்பாயை அவிழ்த்து மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு கிழக்கே பார்த்துத் திரும்பினார்கள். திரும்பியவர்கள் அப்படியே நின்றார்கள்.

பனை உச்சிக்கு மேலே, வெறும் கண்ணுக்கே, அது பச்சையாக நின்றது.

பெனடிக்டா வயர்லெஸ்ஸிடம் ஓடினாள். எல்லாரும் அவளைச் சுற்றி நின்றார்கள், எமரென்சியா அவளுக்கு ஒட்டினாற்போல நின்றாள்.

"அண்ணே, வந்துருங்க. நான் சொன்னது பொய். உள்ள ஒருத்தரையும் நான் பாக்கல. யாருமே இல்ல அண்ணே. எல்லாரையும் கிளப்பத்தான் சொன்னேன்."

பெட்டி கொஞ்ச நேரம் இரைந்தது. பிறகு ரோச்சின் குரல் வந்தது, கோபமே இல்லாமல்.

"யாருமே இல்லையா? அப்ப அப்படிப் பாத்தாலும் நான் அதுல இல்லையே. பொறவு ஏன் அழுத?"

"மூடின கதவுக்குள்ள நான் பாக்கலண்ணே. சங்கத்துக் கதவு சாத்திக் கிடந்துச்சு. உள்ள யாருன்னு எனக்குத் தெரியாது."

"அப்ப கதவைத் திறந்து வச்சுக்கிடுதேன்."

"அப்பா, ஓடி வாங்கப்பா!" என்று எமரென்சியா பெட்டியைப் பிடுங்கிக் கத்தினாள்.

"நீ அங்கேயே இரு மக்கா. இப்ப ஓடினாலும் எட்டாது." தாழ்ப்பாளை எடுக்கிற சத்தமும் கதவு சுவரில் இடிக்கிற சத்தமும் கேட்டன. "நல்லாத் தெரியுது. கொஞ்சங்கூட ஆடல. கோவில் இருக்கு. நம்ம மாடி இருக்கு. சங்கம் இருக்கு, கதவு திறந்து…" அவர் நிறுத்தினார். "தங்கச்சி, வாசல்ல ஒரு ஆள் நிக்கானே. காதுல எதையோ வச்சுப் பேசிக்கிட்டு நிக்கான்."

அதற்குப் பிறகு பெட்டியில் ஒன்றும் வரவில்லை.

தேரியிலிருந்து எல்லாரும் பார்த்தார்கள். அலை விழவில்லை, இரையவில்லை. நடந்து வருகிற மாதிரி மணலில் ஏறி, தெருக்களில் ஏறி, நீலக் கோவிலின் மேல் ஏறி, தேரியின் அடிவாரம் வரைக்கும் வந்து நின்று, வந்த மாதிரியே பின்வாங்கியது. உச்சி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அது போன இடத்தில் ஒரு கல் இல்லை, ஒரு மரம் இல்லை, ஈர மணல்தான் கண்ணுக்கெட்டிய வரை பளபளத்தது. சாயங்காலம் ஆண்கள் இறங்கிப் போய்த் தேடினார்கள். ரோச் கிடைக்கவில்லை. காலடித் தடம்கூட அவர்களுடையதுதான் இருந்தது.

யாரும் பெனடிக்டாவை ஏசவில்லை. யாரும் நன்றி சொல்லவும் இல்லை. மிக்கேலம்மா அவளுக்கும் கஸ்பாருக்கும் ஒரு தட்டில் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போனாள். தன் இரட்டைப் பிள்ளைகளை இரண்டு கையிலும் பிடித்திருந்தாள்.

கஞ்சி ஆறி மேலே ஆடை படிந்த பிறகு எமரென்சியா வந்து எதிரே மணலில் உட்கார்ந்தாள். அழுது முடித்திருந்தாள். பெனடிக்டா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்க்கா," என்றாள் எமரென்சியா. "எங்க எல்லாரையும் சாகடிச்சுச் சொன்னீங்க. அதனால இருக்கோம். அப்பாவையும் சாகடிச்சுச் சொல்லியிருக்கலாம்லா?"